தூணுக்குப் பின்னால்

“பழைய மாடலே போதும் நான்ஜிபாய். இந்தப் புது எச்டிஆர் எல்லாம் கண்ணைக் கூசவைக்கிற வேலை,” என்றார் மோரேஷ்வர் கர்ணிக்.

லாமிங்டன் சாலையில் நான்ஜிபாயின் டிவி கடை. வழக்கமாக அங்கே கணவன் பெரிய டிவியைக் கேட்பான், மனைவி வேண்டாம் என்பாள். நான்ஜிபாய் மனைவிக்கு ஒரு சாயும் கணவனுக்கு ஒரு தள்ளுபடியும் கொடுத்து இருவரையும் கவிழ்ப்பார். இன்று எல்லாம் தலைகீழ். புது மாடலைக் கேட்டது கர்ணிக்கின் மனைவி ஷைலஜா. அதுவும் விலை கேட்காமல். நான்ஜிபாய்க்கு அதுதான் கலக்கமாக இருந்தது. விலை கேட்காத ஆள் ஒன்று பெரும் பணக்காரர், இல்லையென்றால் வாங்கவே போகாதவர்.

“சாகேப், வெளிச்சம் எந்த டிவிலயும் வரும். இது இருட்டைக் காட்டுற டிவி. பழசுல இருட்டுன்னா தார் பூசின மாதிரி. இதுல, காட்சிக்குக் காட்சி எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நிழல்னு படமே டிவிக்குச் சொல்லிக் குடுக்கும்.”

“மலிவு டிவிலயும்தான் எச்டிஆர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்.”

“சட்டைல டாக்டர்னு எழுதிக்கிட்டா ஊசி போட வந்துருமா சாகேப்?”

ஷைலஜா சிரித்துவிட்டாள். கர்ணிக் சிரிக்கவில்லை. இந்த டிவியை எதிர்க்கவென்றே ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார்.

“எங்க ஹால்ல எப்பவும் ட்யூப்லைட் எரியும். எதிர் ஜன்னல்ல வெயில் வேற. உங்க இருட்டை நான் எங்க வச்சுப் பாக்கறது? படமும் இந்த எச்டிஆருக்குத் தகுந்த மாதிரி இருக்கணுமே.”

“அது நியாயம்,” என்று நான்ஜிபாய் இறங்கி வந்தார். “ஜன்னலைத் தொறந்து வச்சுப் பாக்கறதா இருந்தா, நானே பழசை வாங்கச் சொல்வேன். காசு மிச்சம்.”

“ஜன்னலுக்குத் திரை தச்சுக்கலாம்,” என்றாள் ஷைலஜா. “படமும் வந்தாச்சு. பழைய படம்தான், நெகட்டிவைச் சுத்தம் பண்ணி இந்தப் புது எச்டிஆர்லயே போட்டிருக்காங்க.”

“எந்தப் படம் தாயி?”

“இவர் நின்ன படம்.”

நான்ஜிபாய் கர்ணிக்கைப் புதிதாகப் பார்த்தார். கர்ணிக் கையிலிருந்த அரைக் கிளாஸ் கட்டிங் சாயைப் பார்த்தார்.

“ஒரு மாளிகை. ராத்திரி கல்யாணம். முற்றத்துத் தூணுக்குப் பின்னால கூட்டத்தோட கூட்டமா, கைல விளக்கோட இவர். தியேட்டர்ல பாத்தோம், டிவில பாத்தோம். தூணுக்குப் பின்னால ஒரே கறுப்பு. அங்க யார் நிக்கறாங்கன்னு ஒரு தடவையாவது கண்ணால பாத்துடணும் நான்ஜிபாய்.”

கர்ணிக் சாயைக் கீழே வைத்தார். அவர் அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றதே இல்லை. கூட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவனோடு ஸ்டூடியோ வாசல்வரை போனது உண்மை. காவலாளி அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில், கையில் அவல் போஹா தட்டும் எதிரே குனிந்த தலையுமாக இருந்தபோது, துறைமுக அலுவலக கிளார்க் என்பதற்கு மேல் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அந்தப் படத்திலேயே அதிக இருட்டான காட்சியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அதில் நின்றதாகச் சொன்னார். யாராலும் சரிபார்க்க முடியாத இருட்டு. அந்தப் பொய் அலுவலகம், சம்பந்தி வீடு, பிள்ளைகள் என்று பரவி, இப்போது பேரன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறான். வாழ்க்கையில் அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அது. எங்கேயோ எவனோ உட்கார்ந்து யோசித்து அந்த இருட்டிலும் கை வைத்துவிட்டான்.

“பாத்துட்டு முடிவு பண்ணுங்க,” என்று நான்ஜிபாய் அவர்களை உள்ளறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார், விளக்கை அணைத்தார். இடப்பக்கம் பழைய மாடல், வலப்பக்கம் புதியது. இரண்டிலும் ஷைலஜா சொன்ன அதே படம், அதே காட்சி.

முற்றத்தில் ஷெனாய் ஒலித்தது. மணமகள் நடந்து வந்தாள். கேமரா மெல்லத் தூணின் பக்கம் திரும்பியது. இடப்பக்கத்தில் தூண், அதற்குப் பின்னால் தார். வலப்பக்கத்தில் தார் கரைய ஆரம்பித்தது. முதலில் சுவர் தெரிந்தது. பிறகு ஒரு வளையல் கை. அகல் சுடர். அதன் பின்னால் முகங்கள்.

“நிறுத்துங்க,” என்றாள் ஷைலஜா.

படம் உறைந்து நின்றது. கர்ணிக் கண்களை மூடிக்கொண்டார். பிழைப்பதற்கு வழியில்லை என்று தெரிந்ததும் திறந்தார். நான்ஜிபாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் தலையில் முக்காடிட்ட இளம்பெண்கள். மருந்துக்கு ஒரு மீசை இல்லை.

“சாகேப் எங்க இருக்கீங்க?”

“எடிட்டிங்ல வெட்டியிருப்பாங்க.” வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த பதில். மனைவியின் பக்கம் திரும்பினார். “ஷைலா, நான் வந்து...”

“தெரியும்ங்க. அன்னிக்கு செட்டுக்குள்ள ஆம்பளை எக்ஸ்ட்ரா யாரையுமே விடலை.”

அவள் எழுந்து திரையருகே போனாள். ஓரத்தில் விளக்கைப் பிடித்தபடி நின்ற பெண்ணின் கன்னத்தின் மேல் விரலை வைத்தாள்.

“சினிமாவுல நின்ன பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுல கட்டியிருக்க மாட்டாங்க. இது நான்.”