மூலைக்குப் போகிறவள்

மாமனார் பேரை வாய் தவறிக்கூடச் சொல்லாத மருமகள், அந்தப் பீடையின் பேரை மட்டும் நாளுக்கு நூறு தடவை சொல்கிறாள். இந்தக் காலத்து மரியாதை இப்படித்தான். ஆளுக்கு அடக்கம், பேய்க்குச் செல்லம்.

கல்முர்சா தேநீர்க் கிண்ணத்தோடு கதவருகே நின்றார்.

மருமகள் பெகாயிம் நிறைமாத வயிறு மேசையில் இடிக்க, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகன் எர்மெக், கையில் ஜாய்ஸ்டிக்.

திரையில் அவள் நின்றாள், அந்த அல்பார்ஸ்திப் பேய். முழங்கால் வரை மஞ்சள் கூந்தல். நீண்ட முலைகளைத் தூக்கித் தோளில் போட்டிருந்தாள். மலையில் சொல்வதில் பெகாயிம் ஒன்றையும் விடவில்லை.

ஏதோ வெளிநாட்டுச் சண்டை விளையாட்டாம். அதில் இல்லாத ஆளை, விளையாடுகிறவர்களே செய்து சேர்த்துக்கொள்ளலாமாம். எந்தெந்த நாட்டுக்காரனோ அவனவன் பேயைச் சேர்த்துவிட்டான், கிர்கிஸ் பேய்க்கு மட்டும் என்ன குறை என்று இவள் கிளம்பிவிட்டாள். கூலி கிடையாது. கூலியில்லாத வேலையைத்தான் இவர்கள் சாப்பாட்டை மறந்து செய்கிறார்கள்.

அவளுக்கு அடி செய்து முடிந்தது, உதை முடிந்தது, பிடி முடிந்தது. கூந்தலை வீசினால் எதிரியின் கால் சிக்கும். கடைசியில் நெஞ்சுக்குள் கையை விட்டு நுரையீரலை உருவிக்கொண்டு ஓடையைப் பார்த்து ஓடுவாள். நுரையீரல் தண்ணீரில் நனைந்தால் ஆட்டம் முடிந்தது.

நாரின் மலைகளில் பிள்ளை பெறும்போது பெண்கள் செத்ததும் அப்படித்தான். அதை யாரும் ஆட்டம் என்று சொன்னதில்லை.

கல்முர்சாவைப் பிஷ்கேக் நகரத்துக்கு வரவழைத்ததே பெகாயிமின் பிரசவத்துக்காகத்தான். அவர் அல்பார்ஸ்தி விரட்டி. அவர் வரும் பக்கம் அவள் நிற்க மாட்டாள், மூலை தேடிப் போய்விடுவாள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். அவரால் போக முடியாத வீட்டுக்கு அவருடைய தொப்பியையாவது வாங்கிப் போய், வலி கண்டவளின் தலைமாட்டில் வைப்பார்கள். பெகாயிமின் அம்மா போனில் அழுது கூப்பிட்டாள். எர்மெக்குக்கு வெட்கம். நண்பர்களிடம், அப்பா பல் பிடுங்க வந்திருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தான்.

வந்த நாள் முதல் வீட்டில் ஒரே கேலி.

கல்முர்சா அந்த அறைக்குள் காலை வைத்தால் போதும், திரையில் இருப்பவள் பாதிச் சண்டையில் விட்டுவிட்டுப் பின்னால் நகர்வாள். நகர்ந்து நகர்ந்து மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். அவர் வெளியே போனதும் மறுபடி வந்து அடிப்பாள்.

"அத்தா, உள்ள வராதீங்க! உங்களப் பாத்தா எங்க அல்பார்ஸ்திக்குக் கை கால் ஓட மாட்டேங்குது" என்று பெகாயிம் கத்துவாள்.

எங்கேயோ பிழை என்றார்கள். மின்சாரம் என்றார்கள். அவர் பையில் இருக்கும் பழைய போன் என்றார்கள். போனை வாங்கிச் சமையலறையில் வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அவள் மூலைக்குத்தான் போனாள்.

கல்முர்சா கணினியை நம்பவில்லை. ஆனால் அவள் பின்வாங்குவதை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தால்தான் தூக்கம் வந்தது.

இன்று எர்மெக்கே கூப்பிட்டான்.

"ஏன் அங்கயே நிக்கறீங்க? தைரியமா வாங்கத்தா. வேடிக்கையப் பாருங்க."

அவர் ஒரு அடி வைத்தார். அவள் நகரவில்லை.

இன்னொரு அடி. அவள் எதிரியை உதைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் மூச்சுப் படும் தூரத்துக்கு வந்துவிட்டார். அவர் வந்தது அவளுக்குத் தெரிந்ததாகவே இல்லை. உதைத்தாள், நின்றாள், உதைத்தாள். கண்ணில் ஒன்றுமே இல்லை. கடையில் தொங்கும் பொம்மை மாதிரி.

"பாத்தீங்களா! உங்க பொழப்பு போச்சு" என்று எர்மெக் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"யாரு சரி பண்ணது?" என்றார் கல்முர்சா.

"இவதான்."

"நானா? நான் தொடவே இல்லையே" என்றாள் பெகாயிம். "நீ பண்ணேன்னு இல்ல நெனச்சேன்."

"நான் எங்க பண்ணேன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேருமே சிரித்தார்கள். சில பிழை வந்த மாதிரியே போய்விடுமாம்.

சிரிப்பு முடிவதற்குள் பெகாயிம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல அத்தா. காலைலேர்ந்து லேசா இழுக்குது, அவ்ளோதான்."

கல்முர்சா கிண்ணத்தை மேசையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"வண்டிக்குச் சொல்லுடா. வண்டி வர்ற வரைக்கும் இவ பக்கத்தவிட்டு நகராத."

"எதுக்கு இப்படிப் பதறறீங்க? எத்தன தடவதான் சொல்றது, அது வெறும் படம்த்தா!"

"ஆமாடா" என்றார் அவர். "இன்னிக்குத்தான் அது வெறும் படமா இருக்கு."

திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். எதிரே நடைவழி. அதன் இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாலு மூலை.

"எங்க போறீங்க? வீட்ல நம்ம மூணு பேரவிட்டா யாரு இருக்கா?" என்று மகன் பின்னால் சத்தம் போட்டான்.

அவர் அதை நம்பவில்லை. முதல் கதவைப் பார்த்து நடந்தார்.