வாயுவின் மேல் பழி

பூங்கோதையின் வயிற்றுக்குள் ஒரு வாயு இருந்தது. அவளுக்கு மேல்வயிற்றில் வலி வரும்போதெல்லாம் கணவர் தணிகாசலம், "ஒண்ணுமில்லம்மா, வாயுதான்" என்று ஓமத் தண்ணி கலக்கிக் கொடுப்பார். செய்யாத தப்புக்கு வாயு பேச்சு வாங்கிக்கொண்டே இருந்தது.

கண் மஞ்சளான பிறகுதான் ஸ்கேன் எடுக்கக் கூட்டிவந்தார். வயிற்றின் மேல் டாக்டரம்மா நகர்த்திக்கொண்டிருந்த ஸ்கேன் கருவி ஓரிடத்தில் நின்றது.

"பித்தக்குழாய் வீங்கியிருக்கு. கீழே எதுவோ அடைக்குது, நீ மறைக்கிறே. கொஞ்சம் தள்ளிக்கயேன்," என்றது கருவி வாயுவிடம்.

"எனக்குப் பின்னாடி ஒரு கல் இருக்கு," என்றது வாயு. "பித்தப்பையிலிருந்து இறங்கி வந்து மாட்டிக்கிச்சு. வலியெல்லாம் அதாலதான். நான் சொன்னா யார் கேட்கிறா?"

"நான் கேட்கிறேன். ஆனா, பார்த்தாத்தான் நான் சொல்ல முடியும்."

டாக்டரம்மா பூங்கோதையை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். வாயு நகர்ந்தது. கல் தெரிந்தது.

"வாயு இல்லைங்க, கல். எண்டோஸ்கோப்பி பண்ணி எடுத்துடலாம்," என்றார் டாக்டரம்மா.

எழுந்து உட்கார்ந்த மனைவியின் முதுகைத் தணிகாசலம் தடவிக்கொண்டே இருந்தார். அவளுக்கு ஒரு ஏப்பம் வந்தது.

"பாத்தியா, வாயுதான். ஒண்ணுமில்லம்மா," என்றார். குரல் உடைந்திருந்தது.

"மறுபடியும் உன்னையே சொல்றாரே," என்றது கருவி.

"சொல்லட்டும்," என்றது வெளியே வந்துவிட்ட வாயு. "பயப்படும்போது பிடிச்சுக்க அவருக்கு என் பேராவது இருக்கட்டும்."