வாலில் ஒரு கடி

“எந்த அறிவு கெட்டது எல்லாத்தையும் ஒரே தொட்டில வுட்டது?”

சுப்புராயன் போட்ட சத்தத்தில், கொடியோடு வாசலில் நின்ற பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“நான்தாங்க” என்றாள் அவர் மனைவி ஆண்டாள்.

ஆறு பெண் ஃபைட்டர் மீன்கள்; ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும் ஜாதி. ஒவ்வொன்றையும் தனித்தனி பாட்டிலில் வைத்து வளர்த்தார் சுப்புராயன். தினமும் ஆறு பாட்டிலுக்கும் தண்ணீர் மாற்றுவது மட்டும் ஆண்டாள்.

“மறியலுக்குப் போனா எப்ப வூடு திரும்புவேனோ தெரியாது. பொட்ட மீனுங்கன்னா ஒண்ணா வுடலாம், நெறைய செடி போட்டா ஒளிஞ்சிக்கும்னு கடைக்காரர் சொன்னாரு. அதான்…”

“பொட்டன்னா அடங்கிக் கெடக்கும்னு நெனச்சியா? இங்க பாரு, செவப்பு கடிச்சி நீலத்தோட வாலு கிழிஞ்சி போச்சி!”

காயம்பட்ட மீனை டம்ளரில் மொண்டு எடுத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“வாயில்லா ஜீவன்டி. தெரிஞ்சே கொண்டுபோயி அடிவாங்க வுட்டிருக்கியே, உனக்கு ஈவு இரக்கமே கெடையாதா?”

ஆண்டாள் மற்ற மீன்களை ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்கு மாற்றினாள்.

வாசலில் காசியம்மாள், பக்கத்தில் நின்ற மணிமொழியின் காதைக் கடித்தாள். “மீனுக்கே இப்பிடி உருகுறாரே, நம்மள எப்பிடி பாத்துப்பாரு!”

“அதான் தலைவரு” என்றாள் மணிமொழி.

இட ஒதுக்கீட்டுப் போராட்டக் குழுவுக்கு ஒன்றியத் தலைவர் சுப்புராயன். கொரோனா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ரெண்டு மாசமாக மேடைக்கு மேடை ‘உயிரைக் கொடுப்போம்’ என்று முழங்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு உளுந்தூர்பேட்டையில் சாலை மறியல். பெண்களை ஏற்றிப் போக வேன் தெருமுனையில் நின்றது.

போன் அடித்தது. மறியல் இடத்திலிருந்து குழுவின் செயலாளர் தீனதயாளன். கை ஈரமாக இருந்ததால் சுப்புராயன் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணே, ரெண்டு வண்டி போலீஸ் வந்து எறங்கிக்கினு இருக்கு. லத்தியோட நிக்கிறாங்க. நம்ம பசங்க எல்லாம் டீக்கடை பக்கம் ஒதுங்கிட்டானுங்க. முன்னாடி நிக்க ஆளே இல்ல. சீக்கிரம் வாங்கண்ணே!”

சுப்புராயன் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். மேடையில் பேசிப் பழகிய குரல். தாழ்த்தியும் தெருவரைக்கும் கேட்டது.

“பதறாத தீனா. பொம்பளைங்க கெளம்பிட்டாங்க. அவங்கள முன் வரிசையில உக்கார வையி. என் பொஞ்சாதியும் வரா, அவள நடுவுல வையி. ரெண்டு அடி வுழுந்தா பேப்பர்ல போட்டோ பெருசா வரும். நான் இன்னா… இங்க மீனுக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துட்டு மெதுவா வரேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். ஆண்டாள் எதிரே நின்றிருந்தாள். டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தன் கொடியை அந்தக் கையில் திணித்தாள்.

“மீன நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க.”

வாசலில் வரிசையாகச் செருப்புகள் கழன்றன. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள்.

காசியம்மாள் மட்டும் ஓரமாக ஒதுங்கி, அவருக்கு வழி விட்டாள். “லேட்டாவுது பாருங்க. கெளம்புங்க தலைவரே!”