சுவரோர இடம்

ஞாயிறு காலைப் பூசைக்கு மணி அடிக்கிறது. விவாகரத்தாகி, கோயிலுக்கு வெளியே மறுமணம் செய்துகொண்ட என் மகன் வெகுநாள் கழித்து எங்களோடு வந்திருக்கிறான். திருச்சபை விதிப்படி நற்கருணை அப்பம் வாங்க அவனுக்கு அனுமதி இல்லை. “நான் பின்னாடி உக்காந்துக்கறேம்ப்பா,” என்கிறான். “நம்ம வீட்டுப் பிள்ளை பின்னாடி உக்காந்தா ஊர் வாய்க்கு அவலாப் போயிடும். முன்வரிசையில நம்ம பெஞ்சுலயே சுவரோரமா உக்காரு. யார் கண்ணுலயும் படமாட்ட,” என்கிறேன் நான். என் மனைவி குறுக்கிடுகிறாள்: “உங்க கௌரவத்தை சுவரோரமா உக்கார வைங்க. அவன் என் பக்கத்துல இருக்கட்டும்.” நான் முறைக்கிறேன். அவள் அடங்குகிறாள். அவன் சுவரோரம் போய் ஒடுங்கிக்கொள்கிறான்.

நற்கருணைப் பாட்டு எழுகிறது. நடைபாதை ஓரத்தில் இருக்கும் நான் முதலில் எழுகிறேன். எனக்குப் பின்னால் மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று பெஞ்சே எழுந்து நடக்கிறது. அப்பத்தை நாவில் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். வரிசை வரிசையாக முகங்கள். ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. காலியாகிவிட்ட நீளமான பெஞ்சின் கோடியில், வண்ணக் கண்ணாடியின் சிவப்பு வெளிச்சம் தோளில் விழ, அவன் ஒருவன் மட்டும் மேடையில் ஏற்றி வைத்தாற்போல உட்கார்ந்திருக்கிறான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலைத் தேய்க்கிறான். நான் நிமிர்ந்துதான் நடக்கிறேன். வாயில் ஆண்டவர் இருக்கும்போது எதுவும் பேசக் கூடாது. பெஞ்சுக்குள் நுழைந்து, நேரே அவன் பக்கம் நகர்கிறேன். என்னைக் கண்டதும், ஒதுங்க இடமே இல்லாத அந்தச் சுவரோடு அவன் இன்னும் ஒதுங்குகிறான்.