இன்னொரு இனிஷியல்

மாட்டுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டரம்மா போட்ட சத்தத்தில், கொட்டிலில் நின்ற மாடுகளே அசைபோடுவதை நிறுத்திவிட்டனவாம்.

"பதவி உயர்வு எனக்கு ஏன் சார் இல்லை?"

"உங்க கட்டுரைகளை மேற்கோள் காட்டினவங்க ரொம்பக் கம்மிம்மா." இயக்குநர் கணினித் திரையைத் திருப்பினார். "இந்தம்மாவைப் பாருங்க. உங்க பேர்தான், இனிஷியல்தான் வேற. மடிநோய்னா உலகமே இவங்களைத்தான் மேற்கோள் காட்டுது. பதவி இவங்களுக்குத்தான். ஆளைத்தான் இன்னும் தேடிட்டிருக்கோம்."

திரையைப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கேயே நின்று புருஷனைப் போனில் பிடித்தார்.

"உங்க இனிஷியலை நீங்களே வச்சுக்குங்க! கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா இனிஷியலோட எழுதிட்டிருந்த நான், இப்ப என் பதவியைத் தட்டிட்டுப் போயிட்டேன்!"