ஐந்து வாக்கியங்கள்

"அஞ்சுல மூணு வாக்கியமாவது சரியா இருக்கணும். பாஸ் ஆகாதவங்க திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் ஆளுக்கொரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு போனார். தையல் கம்பெனியின் சாப்பாட்டு அறை மேஜைகளில் முப்பது பெண்கள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பொத்தான் பிரிவு அக்கா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அவள் படிக்கவைப்பது இந்த வேலையை நம்பித்தான்.

"காலரு, எனக்கு எல்லாம் மறந்துபோச்சுடி" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். சட்டைகளுக்குக் காலர் வைக்கிறவள் என்பதால் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

"மறக்க என்னக்கா இருக்கு? இங்கிலீஷ்ல இதுவும் இல்ல, அதுவும் இல்லன்னு சொல்லணும்னா முதல்ல நைதர், நடுவுல நார்."

"நடுவுல ஆர் போட்டா என்ன, கழுத்தையா அறுத்துருவாங்க?"

"நைதர் வந்தா நார்தான் வரணும். பொத்தானுக்கு நேரா காஜா ஓட்டை இருக்குல்ல, அது மாதிரி. ஒண்ணு மாறினா சட்டை கோணிக்கும்."

"அப்ப அதுக்குக் காஜான்னே பேர் வெச்சிருக்கலாம். நான் எப்பவோ பாஸாகியிருப்பேன்."

அடுத்த வாரம் வெளிநாட்டு வியாபாரிகள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்களாம். "இங்கே அடிக்கவும் மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள்" என்று அவர்களிடம் இரண்டையும் ஒரே மூச்சில் மறுத்துச் சொல்ல இந்த நைதர்-நார்தான் தோது என்று, பத்து நாளாக ஆங்கில வகுப்பு நடந்தது.

மேனேஜரின் கவலைக்குக் காரணம் இருந்தது. போன மாதம் இஸ்திரிப் பிரிவில் புகை கிளம்பியபோது பின்கதவு பூட்டிக் கிடந்தது. தட்டித் தட்டி அக்காவின் கை இரண்டும் வீங்கிப்போயின. யாரோ எழுதிப்போட்டதில் அதிகாரிகள் வந்து பூட்டை எடுக்கவைத்தார்கள். வருகிறவர்கள் அதை மறுபடி கிளறக் கூடாதே!

கரும்பலகையில் தமிழில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. அவற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

"பேசத்தானே சார் பழகினோம், எழுதணுமா?" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "சரி, கொட்டை எழுத்துல எழுதட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. எப்பவும் எழுதுற மாதிரியே எழுதுங்க, போதும்."

காலர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். படித்தவள் என்று காட்டிக்கொள்ளாதவள். அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஓரக்கண்ணால் அக்காவின் தாளைப் பார்த்தாள். எழுத்துகள் நடுங்கிக்கொண்டு நின்றன. ஐந்திலும் நைதர் இருந்தது; ஐந்திலும் நார் வரவேண்டிய இடத்தில் ஆர் இருந்தது.

போன் வந்து மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த நொடியில் காலர் அக்காவின் தாளை உருவிக்கொண்டு தன்னுடையதை அங்கே தள்ளினாள்.

"கீழே உன் டோக்கன் நம்பரைப் போடுக்கா."

"அப்ப உனக்கு?"

"எனக்கு மூணு போதும்."

அக்காவின் தாளில் மூன்று ஆருக்கு முன்னால் மட்டும் ஒவ்வோர் எழுத்தைச் சேர்த்தாள். கீழே தன் நம்பரைப் போட்டாள். மணி அடித்தது.

மாலை நான்கு மணிக்கு மேனேஜர் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்று அக்காவின் நம்பரைச் சொன்னார். "அஞ்சுக்கு அஞ்சு! என் ரூமுக்கு வாங்கம்மா."

"பொத்தானுக்கு வந்த வாழ்வைப் பாருங்கடி!" என்று யாரோ கத்த, எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "போக்கா, சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்க" என்று காலர் சிரித்தாள்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்து மெஷின் மேல் வைத்தாள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

காலர் ஓடிவந்தாள். "என்னக்கா, தாள் மாத்தினது தெரிஞ்சுபோச்சா? இரு, நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

அக்கா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மார்க்கு போடவா பரீட்சை வெச்சாங்க? மேஜை மேல என் நம்பர் போட்ட தாளும், அதிகாரிக்குப் போன இங்கிலீஷ் மொட்டைக்கடிதாசும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுடி. ரெண்டும் ஒரே கையெழுத்து."

காலருக்கு முகம் வெளுத்துவிட்டது. கையை உதறிக்கொண்டு மேனேஜர் ரூம் பக்கம் ஓடப் பார்த்தாள்.

"போய் மெஷின்ல உட்காரு. அந்தக் கடிதாசை நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்."