நடுக்கடலில் ரங்கன்

படகின் எஞ்சின் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றபோது சிவபாதம் எழுந்து மேல்தட்டுக்குப் போகப் பார்த்தார். எதிரே காலை நீட்டி வழியை மறித்திருந்த பெண் அசையவில்லை.

“இரும் தம்பி. கரைக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு.”

நெடுந்தீவில் ஏறியது முதல் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய வயது. எப்போதோ முறிந்து கோணலாகப் பொருந்திய இடது மணிக்கட்டை மற்றக் கையால் பொத்தியிருந்தாள்.

மேலேயிருந்து சுதாகரன் எட்டிப் பார்த்தான். “அண்ணை, கடலுக்கையும் வோட்டுக் கேக்கிறியளோ?”

கட்சிப் பெடியள் சிரித்தார்கள். அவர் போட்டியிடும் பிரதேச சபைத் தேர்தலுக்கு இன்னும் ஐந்து நாள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “ரங்கன் எண்டுதானே அப்ப பேர்?”

முப்பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் கூப்பிடாத இயக்கப் பெயர்.

“நீங்கள் ஆரையோ நினைச்சு...”

“நான் றோசம்மா. இன்னாசித்தம்பி வாத்தியாரின்ரை மனுசி.”

மாவிலித்துறைப் பூவரசில் கட்டிவைத்து அவர் சுட்ட மனிதர். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘துரோகி’ என்று இருந்தது; அதற்கு மேல் இயக்கம் ஊருக்கு எதுவும் சொல்லவில்லை. அப்போது சிவபாதத்துக்கு இருபது வயது. இப்போது இவள் வாய் திறந்தால் தேர்தல் மட்டுமா போகும்? மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? இறங்கி ஓடவும் இடமில்லை, சுற்றிவரக் கடல்.

“என்னக்கா வேணும் உங்களுக்கு?”

“அந்தக் கடிதம் என்னவாச்சு?”

தப்புவதற்கு ஒரு வழி கிடைத்ததுபோல் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். “இருக்கக்கா. பத்திரமா வச்சிருக்கிறன். மாஸ்டர் நேவிக்குத் தகவல் குடுக்கிறார் எண்டு உங்கடை ஊரிலை ஆரோ பேர் போடாமல் எழுதினது. அதை நம்பித்தான் எங்களுக்கு உத்தரவு வந்தது. நாளைக்கே கொண்டுவந்து தாறன். எழுத்தைப் பாத்தால் ஆளைப் பிடிக்கலாம். உண்மையான கொலைகாறன் அந்த ஆள்தானக்கா, நானில்லை.”

றோசம்மா மேல்தட்டுப் படியை ஒருமுறை பார்த்தாள். யாரும் இறங்கி வரவில்லை. கோணல் மணிக்கட்டைத் தடவியபடி முகத்தை அவரருகே கொண்டுவந்தாள்.

“எரிச்சுப்போடும் தம்பி. அது என்ரை எழுத்து.”